கரண்ட் போன ரங்கூனில் அடுப்புச் சோறு: உதிரியாக வர என்ன செய்வது?

கேட்டவர் ரங்கூன்வாசி. கல்யாணமான நாள் முதல் கரண்ட் குக்கரில்தான் சோறு. இப்போது நான்கு மணி நேரம் கரண்ட் வந்தால் அடுத்த நான்கு மணி நேரமோ எட்டு மணி நேரமோ இல்லை என்று ஆகிவிட்டதால் கேஸ் அடுப்புக்கு மாறியிருக்கிறார். கேஸ் தீர்ந்தால் கரி அடுப்பு. "ஒரு டின் அரிசிக்கு இரண்டு டின் தண்ணீர் என்று அளந்துதான் வைக்கிறேன். ஒரு நாள் களியாகிறது, ஒரு நாள் அடி பிடித்து மேலே வேகாமல் நிற்கிறது. வெள்ளைச் சோறு பூப்பூவாக, உதிரியாக வர அடுப்பில் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கைத் தூக்கிப் போடுங்கள். அன்றாடச் சோற்றை வடித்துவிடுங்கள். பவ்சான் மாதிரி வாசனை அரிசிக்கு மட்டும் தண்ணீர் அளந்து வையுங்கள். எந்த வழியில் செய்தாலும் அடுப்பை அணைத்த பிறகு பத்து நிமிடம் மூடியைத் தொடாதீர்கள். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது போதும். மற்றவர்கள் மேலே படிக்கலாம்.

கரண்ட் குக்கர் நம்மைக் கெடுத்து வைத்திருக்கிறது. அதில் தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் சோறு ஒரு மாதிரி வந்துவிடும். காரணம் எளிது. சட்டியில் தண்ணீர் இருக்கும் வரை அடிப்பாகம் 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் முழுக்க அரிசிக்குள் போன பிறகு சூடு அதற்கு மேல் ஏறும். ஏறியதும் அடியில் இருக்கும் காந்தம் பிடியை விட்டுவிடும், 'டக்' என்று சுவிட்ச் விழும். அதன் பிறகு இளஞ்சூட்டில் அப்படியே புழுங்கும். அதாவது தண்ணீர் வற்றியதைக் கவனிப்பது, தீயைக் குறைப்பது, தம்மில் விடுவது என்ற மூன்று வேலையையும் அந்த மெஷின் செய்தது. அடுப்பில் அந்த மூன்றும் நம் பொறுப்பு.

அடுப்புக்குப் போகும் முன் அரிசியைப் பார்க்க வேண்டும். சோறு குழைவதற்குப் பாதிக் காரணம் பானையில் இல்லை, கடையில் இருக்கிறது.

நம் ஊர்க் கடைகளில் ஒரே பெயரில் இரண்டு அரிசி இருக்கும்: சான்ஹவுங், சான்தி. பழைய அரிசி, புது அரிசி. விலையும் வேறு. மழைக்கால நெல் அறுவடை முடிந்து டிசம்பர், ஜனவரியில் புது அரிசி சந்தைக்கு வரும். மணம் தூக்கலாக இருக்கும், பளபளவென்று இருக்கும், பார்த்தால் வாங்கத் தோன்றும். ஆனால் புது அரிசி தண்ணீர் குறைவாகக் குடிக்கும், சீக்கிரம் வேகும், ஒட்டும். நான்கைந்து மாதம் இருந்த அரிசி இறுகிப்போய் நிறையத் தண்ணீர் குடித்து, நன்றாக உப்பி, தனித்தனியாக நிற்கும். ஜனவரியில் திடீரென்று "என் கை கெட்டுப்போச்சு" என்று சொல்பவர்களில் பலர் தெரியாமல் புது அரிசி வாங்கியவர்கள்தான். உதிரி வேண்டும் என்றால் கடையில் சான்ஹவுங் என்று கேட்டு வாங்குங்கள். பயின்நவுங் மொத்தக் கடைகளிலோ தெருமுனைக் கடையிலோ, எங்கே வாங்கினாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் மூட்டையைப் பிரிக்க விடாதீர்கள்.

அடுத்து ரகம். அரிசி மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு உண்டு. அமைலோஸ் கூடுதலாக இருந்தால் உதிரி, அமைலோபெக்டின் கூடுதலாக இருந்தால் ஒட்டல். பர்மியப் பலகாரங்களுக்குப் போடும் ஒட்டரிசி கிட்டத்தட்ட முழுக்க அமைலோபெக்டின். ஏமத்தா என்று விற்கும் நீள அரிசி எதிர்ப்பக்கம்: உதிரியாக வரும், ஆறினால் கொஞ்சம் விறைக்கும், மணம் அதிகம் இல்லை, விலையும் குறைவு. பவ்சான் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. குட்டையாக உருண்டையாக இருக்கும் மணி, வெந்தால் நீளவாக்கில் நன்றாக நீளும், மென்மையாகவும் இருக்கும். 2011இல் ஹோ சி மின் நகரில் நடந்த உலக அரிசி மாநாட்டில் உலகின் சிறந்த அரிசி என்ற பரிசு வாங்கியது இதுதான். ஐராவதி டெல்டா பவ்சானைவிட ஷ்வேபோ பவ்சானுக்கு விலை அதிகம். தினமும் வாங்கிக் கட்டுப்படியாகாது, வாங்கவும் வேண்டியதில்லை. ரசம், சாம்பார், மோர் என்று மூன்று கை ஊற்றிப் பிசைகிற நம் சாப்பாட்டுக்கு ஏமத்தாதான் தாங்கும் என்பது என் கட்சி. பவ்சானை மீன் வறுவலுக்கும், பலாச்சானுக்கும் (பர்மியர் செய்யும் காய்ந்த இறால் பொரியல்), சுண்டவைத்த கறிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் புளிக்குழம்பை ஊற்றினால் அத்தனை விலை கொடுத்து வாங்கிய மணம் போச்சு.

மூன்றாவது நொய். மலிவான அரிசியில் உடைசல் நிறைய இருக்கும். உடைந்த மணியின் வெட்டுவாயிலிருந்து மாவு கசிந்து தண்ணீரைக் கூழாக்கும், அந்தக் கூழில் முழு மணிகளும் சிக்கிக்கொள்ளும். என்ன பக்குவம் பார்த்தாலும் இது உதிராது. முறத்தில் ஒரு தடவை புடைத்து நொய்யைத் தனியே எடுத்துவிடுங்கள். நொய்க் கஞ்சிக்கும் உப்புமாவுக்கும் ஆகும், வீணாகப் போகாது.

சரி, களையலாம். அளவுக்கு எல்லோர் வீட்டிலும் இருக்கிற பால் டின்னையே எடுத்துக்கொள்கிறேன். எட்டு டின் ஒரு பியி, பதினாறு பியி ஒரு கூடை என்பது நம் கடைக் கணக்கு. ஒரு டின் சுமார் 265 கிராம் வரும், இரண்டு பேர் வயிறார, அல்லது மூன்று பேர் அளவாகச் சாப்பிடலாம். கடைக்காரர் டின்னைக் கும்பாச்சியாக அளப்பார். சமையலுக்குத் தலைதட்டி அளந்தால்தான் பின்னால் சொல்லும் தண்ணீர்க் கணக்கு ஒத்துவரும்.

முதல் தண்ணீரை ஊற்றியதும் ஒரு சுற்றுச் சுற்றி உடனே கொட்டிவிடுங்கள். அதில்தான் தவிட்டுத் தூளும் மூட்டை வாடையும் இருக்கும், ஊறவிட்டால் அரிசி அதையே திரும்பக் குடிக்கும். பிறகு இரண்டு தண்ணீர். விரல்களால் அளைந்தால் போதும், துணி கசக்குகிற மாதிரி தேய்த்தால் நனைந்த மணி உடைந்து நீங்களே நொய் உண்டாக்கியவர் ஆவீர்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகும் வரை கழுவ வேண்டியதில்லை, பாலாக இருந்தது லேசான கலங்கலாக மாறினால் சரி. இரண்டாம் களைநீரை எடுத்து வைத்தால் கீரைக்கோ புளிக்குழம்புக்கோ ஊற்றலாம்.

பழைய ஏமத்தாவை அரை மணி நேரம் ஊறவையுங்கள். ஊறிய அரிசி ஒரே சீராக வேகும், கேஸும் மிச்சம். புது அரிசியை ஊறவைக்க வேண்டாம்.

இப்போது வடிக்கிற முறை. இதைத்தான் நான் அன்றாடத்துக்குச் சொல்வேன், அதிலும் கரி அடுப்புக்காரர்களுக்கு இதைத் தவிர வேறு சொல்ல மாட்டேன். ஏனென்றால் இதில் தண்ணீர் அளவு தப்பவே முடியாது. அரிசி பழசா, புதுசா, தீ கூடுதலா, குறைவா எதைப் பற்றியும் கவலையில்லை, பதம் வந்ததும் மிச்சத் தண்ணீர் வெளியே. பர்மியர் வீடுகளிலும் குக்கர் வரும் முன் இதே வழிதான். ஆயிரம் பேருக்கு அன்னதானம் வடிக்கிற நம் கோயில்களிலும் யாரும் தண்ணீர் அளந்து உலை வைப்பதில்லை.

ஒரு டின் அரிசிக்கு ஐந்தாறு டின் தண்ணீர். பானையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகக் கூடாது, பொங்கி அடுப்பை அணைத்துவிடும். உலை தளதளவென்று கொதித்த பிறகுதான் அரிசியைப் போட வேண்டும். பச்சைத் தண்ணீரிலேயே அரிசியைப் போட்டுச் சூடேற்றினால் வெளிப்பக்கம் மெல்ல மெல்லக் கரைந்து கஞ்சியாகும், உள்ளே வேக நேரமாகும். அரிசி விழுந்ததும் கொதி அடங்கும். அப்போது ஒரே ஒரு தடவை அடியோடு கிளறிவிடுங்கள். அதன் பிறகு கரண்டிக்கு வேலை இல்லை. மூடியை ஒருக்களித்து வைத்து, கொதி திரும்ப வந்ததும் தீயை நடுத்தரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நுரை அடங்கும், அது உதிரியாக்கும் என்று சொல்வதெல்லாம் சும்மா. நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் சோறு வெளுப்பாக வருவது உண்மை. பழுப்பேறிய அரிசி அகப்பட்டுக்கொண்டால் செய்யலாம், நல்ல அரிசிக்குத் தேவையில்லை.

எவ்வளவு நேரம் என்பதைக் கடிகாரத்தைவிட விரல்தான் சரியாகச் சொல்லும். என்றாலும் ஒரு குறிப்புக்கு: ஊறிய பவ்சான் ஒன்பது பத்து நிமிடம், ஏமத்தா பன்னிரண்டிலிருந்து பதினைந்து, புழுங்கலரிசி கிடைத்தால் இருபதுக்கு மேல். எட்டாம் நிமிடத்திலிருந்து பார்க்க ஆரம்பியுங்கள். ஒரு மணியைக் கரண்டியில் எடுத்து ஊதி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்குங்கள். இரண்டு மூன்று வெள்ளைத் துணுக்காகப் பிரிந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. முழுக்க மசிந்து நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரே ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்தால் அதுதான் வடிக்கும் நேரம். பொட்டும் மறைந்துவிட்டால் ஒரு நிமிடம் தாண்டிவிட்டீர்கள், உடனே வடியுங்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சீராக எரியும் விறகடுப்புக்குச் சரி. ஒரு பக்கம் கனிந்து ஒரு பக்கம் அவிந்து கிடக்கிற கரி அடுப்பில் அந்தப் பழமொழியை நம்ப முடியாது. மேலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று, ஓரத்திலிருந்து ஒன்று பாருங்கள்.

வடிதட்டைப் போட்டு, துணியால் இரண்டு பக்கமும் சேர்த்துப் பிடித்து, கஞ்சிச் சட்டியின் மேல் பானையைச் சாய்த்து வையுங்கள். முதலில் கொட்டும், பிறகு நூலாக ஒழுகும், பிறகு சொட்டும். சொட்டு நின்றதும் பலரும் பானையை நிமிர்த்தித் தட்டில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். உதிரி கிடைப்பதும் கிடைக்காததும் இந்த இடத்தில்தான். வடித்த சோற்றின் மேல்தோலில் ஈரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நடுவில் பொட்டு இன்னும் வேகவில்லை. பானையை ஒரு குலுக்குக் குலுக்கி, திரும்ப அடுப்பில், இருப்பதிலேயே சின்னத் தீயில் ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். மேல் ஈரத்தில் கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் உள்ளே போய்ப் பொட்டை வேகவைக்கும். பிறகு அணைத்துவிட்டுப் பத்து நிமிடம். திறந்து, கரண்டியின் காம்பை ஓரமாக விட்டு அடியிலிருந்து தூக்கிவிடுங்கள். கரண்டிக் குழியால் அழுத்தினால் மணி நசுங்கும்.

மூடியில் கோத்த தண்ணீர் சோற்றில் சொட்டாமல் இருக்க, மூடிக்கும் பானைக்கும் நடுவே ஒரு மெல்லிய துண்டை விரியுங்கள். முனைகளை மூடிக்கு மேலே முடிந்துவிட வேண்டும். தொங்கவிட்டால் தீப்பிடிக்கும்.

கஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை. வடித்தால் சத்தெல்லாம் கஞ்சியோடு போய்விடுகிறது என்ற குற்றச்சாட்டு பாதி உண்மை. பி1 என்கிற தயமின் தண்ணீரில் கரையும். தீட்டிய வெள்ளையரிசியில் அது முன்பே குறைவு, களையும்போது கொஞ்சம், வடிக்கும்போது கொஞ்சம் என்று போய்க்கொண்டே இருக்கும். அந்தக் குறைவால் வருவதுதான் பெரிபெரி. இந்த நாட்டில் கைக்குழந்தைகளின் உயிரை வாங்கிய நோய்களில் அது ஒன்று, தாய்ப்பாலில் தயமின் குறைவதால் வருவது. அதனால் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிற வீட்டில் கஞ்சியைக் கொட்டாதீர்கள், உப்புப் போட்டுக் குடிக்கக் கொடுங்கள். பருப்பு, பயறு, மீன், முட்டை எல்லாம் சேர்ந்த சாப்பாடு இருந்தால் பெரியவர்களுக்குக் கவலையில்லை. பத்தியம் என்று அவற்றை நிறுத்துவதுதான் ஆபத்து. இன்னொரு பக்கமும் உண்டு: அரிசியில் ஆர்சனிக் இருந்தால் நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிக்கும்போது அதிலும் ஒரு பகுதி வெளியேறும். புழுங்கலரிசியில் பி1 கூடுதலாக நிற்பதற்குக் காரணம், நெல்லை அவிக்கும்போதே தவிட்டிலிருக்கும் சத்து மணிக்குள் இறங்கிவிடுவது. ஒரு காலத்தில் இதே ரங்கூன் ஆலைகளில் நெல்லை அவித்துப் புழுங்கலரிசியாக்கித் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது இதனால்தான். இன்று நாம் அதே ஊரில் பச்சரிசிச் சோறு சாப்பிட்டுக்கொண்டு புழுங்கலரிசியைத் தேடி அலைகிறோம்.

மிச்சக் கஞ்சி வேட்டிக்கும் லுங்கிக்கும் போட ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது தண்ணீரை அளந்து வைத்து வற்றவிடும் முறை. பவ்சானுக்கு இதுதான். அதன் மணம் கஞ்சியோடு போகக் கூடாது. கேஸ் அடுப்பில் நன்றாக வரும்.

ஒன்றுக்கு இரண்டு ஏன் தப்பு? பானையில் ஊற்றும் தண்ணீருக்கு இரண்டு செலவு. ஒன்று அரிசி குடிப்பது. அரிசி இரட்டித்தால் இதுவும் இரட்டிக்கும். இன்னொன்று ஆவியாகப் போவது. இது அரிசியின் அளவைப் பொறுத்ததே இல்லை. பானையின் வாய் எவ்வளவு அகலம், மூடி எவ்வளவு இறுக்கம், எத்தனை நிமிடம் கொதித்தது, இவற்றைப் பொறுத்தது. ஒரு டின் வைத்தாலும் நான்கு டின் வைத்தாலும் அதே பானையில் ஏறக்குறைய அதே தண்ணீர்தான் ஆவியாகும். ஆகவே ஒரு டின்னுக்குச் சரியாக வந்த விகிதத்தை விருந்தாளி வந்த அன்று நான்கு டின்னுக்கு அப்படியே பெருக்கினால் களி கிண்டுவீர்கள்.

கணக்கை இப்படி வையுங்கள். பவ்சான் என்றால் அரிசிக்குச் சமமாகத் தண்ணீர், அதற்கு மேல் ஆவிக்கு அரை டின். ஒரு டின்னுக்கு ஒன்றரை, இரண்டு டின்னுக்கு இரண்டரை, நான்கு டின்னுக்கு நாலரை. பழைய ஏமத்தாவை இந்த முறையில் வைக்க விரும்பினால் டின்னுக்கு ஒன்றேகால், அதோடு அதே அரை டின் ஆவிக்கு: ஒரு டின்னுக்கு ஒன்றேமுக்கால், இரண்டுக்கு மூன்று, நான்குக்கு ஐந்தரை. புது அரிசி என்றால் இதில் ஒரு கை குறைத்துக்கொள்ளுங்கள். களைந்த அரிசியை நன்றாக ஒட்ட வடித்த பிறகு ஊற்றும் தண்ணீரின் அளவு இது. உங்கள் பானையின் மூடி தளர்வாக இருந்தால் ஆவிக்கு அரை டின் போதாது, முக்கால் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் உங்கள் பானைக்கான எண் உங்களுக்கே பிடிபடும்.

அம்மாக்கள் விரலை விட்டு, அரிசிக்கு மேல் ஒரு கணு தண்ணீர் பார்ப்பார்களே, அது இதே கணக்குத்தான். அரிசி கூடினாலும் குறைந்தாலும் மேலே நிற்கும் தண்ணீர் ஒரு கணுதான், அரிசியோடு சேர்த்துப் பெருக்குவதில்லை. ஆனால் அது குறிப்பிட்ட பானைக்குப் பழகிய கை. அகலமான சட்டியில் ஒரு டின் அரிசியைப் போட்டு ஒரு கணு தண்ணீர் வைத்தால் அது ரொம்ப அதிகம்.

பானை அடி கனமாக இருக்க வேண்டும். சந்தையில் விற்கும் வார்ப்பு அலுமினியப் பானை நல்லது. மெல்லிய எவர்சில்வர் சட்டி தீ படும் இடத்தில் மட்டும் காயும், அங்கேதான் முதலில் கருகும். அரிசியும் தண்ணீரும் போட்டு, மூடாமல் நல்ல தீயில் கொதிக்கவிடுங்கள். ஒரு தடவை கிளறுங்கள். தண்ணீர் அரிசி மட்டத்துக்கு இறங்கும்போது மேல்பரப்பில் நண்டு வளை மாதிரி சின்னச் சின்னக் குழிகள் விழும், ஒவ்வொரு குழியிலும் குமிழ் வெடிக்கும். அப்போது மூடியை இறுக்கமாகப் போட்டுத் தீயை அடிமட்டத்துக்குக் குறையுங்கள். சில அடுப்புகளில் எவ்வளவு திருகினாலும் தீ குறையாது. அதற்குப் பானைக்கு அடியில் ஒரு பழைய தோசைக்கல்லை வையுங்கள், தீ பரவி மிதமாகும். இப்படிப் பன்னிரண்டு நிமிடம். காதைக் கொடுத்தால் உள்ளே நடப்பது தெரியும்: 'களக் களக்' என்று இருக்கும் வரை தண்ணீர் இருக்கிறது, 'சொர சொர' என்று மாறினால் வற்றிவிட்டது, 'பட பட' என்று பொரியும் ஓசை வந்தால் அடி பிடிக்கத் தொடங்கிவிட்டது, அணையுங்கள்.

நடுவில் திறந்து பார்க்கக் கூடாது. ஒவ்வொரு திறப்பிலும் மேல் சோற்றை வேகவைக்க இருந்த ஆவி போகிறது. மேலே வேகாமல் அடியில் பிடிக்கிறது என்று கேள்வியில் சொன்னீர்களே, அதற்கு இரண்டு காரணம்: பெரிய தீ, திறந்து திறந்து பார்ப்பது. அணைத்ததும் உடனே திறந்தால் அடிச்சோறு ஈரமாகவும் மேல்சோறு விறைப்பாகவும் இருக்கும். பத்து நிமிடத்தில் ஈரம் பானை முழுக்கச் சமமாகும், சூடாக இளகிக் கிடக்கும் மாவும் கொஞ்சம் இறுகி மணியைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு கிளறினால்தான் உடையாமல் உதிரும்.

கரி அடுப்பில் தீயைக் குறைக்கத் திருகு இல்லை. சாம்பல்தான் திருகு. கொதிக்கிற கட்டத்தில் கரியை நன்றாகக் கனியவிடுங்கள். வடித்துவிட்டுத் திரும்ப வைக்கும்போது இரண்டு மூன்று துண்டைத் தவிர மற்றதை இடுக்கியால் எடுத்து, மிச்சத்தைச் சாம்பலால் மூடிவிட்டு அதன் மேல் பானையை வையுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை பானையைக் கால்வட்டம் திருப்புங்கள். எடுத்த கங்கில் குழம்பு சுடவைக்கலாம். அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டவே வேண்டாம். பால்கனி அல்லது காற்று நன்றாக வீசும் இடம். கரி எரியும்போது வரும் நச்சுவாயுவுக்கு (கார்பன் மோனாக்ஸைடு) வாடை கிடையாது, மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும்.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை. கரண்ட் இருக்கிறதே என்று குக்கரில் வைக்கிறோம், பாதியில் போய்விடுகிறது. என்ன செய்வது? திறந்து ஒரு பார்வை. தண்ணீர் அரிசிக்கு மேல் நிற்கிறது என்றால் அப்படியே பானைக்கு மாற்றி, இன்னும் மூன்று நான்கு டின் கொதிநீர் ஊற்றி, வடிக்கிற சோறாக முடித்துவிடுங்கள். இதுதான் பத்திரம். தண்ணீர் வற்றி, மணி முக்கால் வேக்காட்டில் இருந்தால் குக்கர் பாத்திரத்தை அடுப்பில் வைக்காதீர்கள், அதன் பூச்சும் போகும், அடியும் நெளியும். கனமான பானைக்கு மாற்றி, சுற்றிலும் அரைக்கால் டின் கொதிநீர் தெளித்து, தோசைக்கல் மேல் சின்னத் தீயில் எட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். பொட்டு மட்டும்தான் பாக்கி என்றால் அடுப்பே வேண்டாம், குக்கரை மூடி ஒரு தடித்த துண்டைச் சுற்றி இருபது நிமிடம் விட்டால் இருக்கிற சூட்டிலேயே முடிந்துவிடும். கரண்ட் வரட்டும் என்று ஒரு மணி நேரம் அப்படியே காத்திருப்பதுதான் செய்யக் கூடாதது. ஊறி, வெடித்து, கரண்ட் வந்தபின் களியாகும்.

விசில் குக்கரைப் பற்றியும் கேட்பார்கள். கேஸ் மிச்சம், வேகம் உண்டு. உதிரிச் சோறு வேண்டும் என்றால் அதை நான் எடுக்க மாட்டேன். தயிர்சாதத்துக்கும் குழந்தைச் சோற்றுக்கும் அது போதும்.

தவுன்ஜி, கலோ, மேமியோ மாதிரி மலை ஊர்களில் இருப்பவர்கள் மேலே சொன்ன நேரத்தை அப்படியே எடுக்க முடியாது. தவுன்ஜி சுமார் 1,400 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அரிசிக்கு அது போதும் என்றாலும் மெதுவாக வேகும். ஊறவைக்கும் நேரத்தை ஒரு மணி ஆக்கி, வேகும் நேரத்தில் நான்கைந்து நிமிடம் கூட்டுங்கள். வற்றவிடும் முறையில் ஆவிக்கு வைக்கும் தண்ணீரும் அதற்கேற்பக் கூடும்.

தப்பிப் போனதைத் தேற்றுவது. வேகாமல் போனது: கொதிநீர் தெளித்து மூடி, சின்னத் தீ. பச்சைத் தண்ணீர் தெளிக்காதீர்கள், இருக்கிற சூடும் போய்விடும். கொஞ்சம் குழைந்தது: அகலமான தாம்பாளத்தில் பரப்பி விசிறியடியில் பத்து நிமிடம், கரண்ட் இல்லாவிட்டால் கைவிசிறி. முழுக்கக் குழைந்தது: அதோடு போராடாமல் மோர் ஊற்றிப் பிசைந்துவிடுங்கள், அல்லது பருப்பைச் சேர்த்துப் பொங்கலாக்குங்கள். அடி பிடித்தது: கிளறாதீர்கள், சுரண்டாதீர்கள். உடனே மேல்சோற்றை வேறு பாத்திரத்துக்கு அள்ளுங்கள். கருகிய பானையிலேயே விட்டால் ஐந்து நிமிடத்தில் வாடை முழுக்க ஏறிவிடும். வெங்காயத்தை வை, ரொட்டித் துண்டை வை என்று சொல்வார்கள். வாடை லேசாக இருந்தால் கொஞ்சம் உதவும், கருகலுக்கு எதுவும் உதவாது.

கடைசியாக மிச்சச் சோறு. கரண்ட் இல்லாத வீட்டில் ஃபிரிட்ஜ் வெறும் அலமாரி, அதனால் இதைச் சொல்லியாக வேண்டும். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும், கொதிநீரிலும் சாகாது. வெதுவெதுப்பான சோற்றை மணிக்கணக்கில் மூடி வைத்தால் அவை முளைத்து நஞ்சு உண்டாக்கும். திரும்பச் சூடுபடுத்தினாலும் அந்த நஞ்சு போகாது. ஏப்ரல் வெயிலில் மதியச் சோற்றை மூடியபடி இரவு வரை வைப்பது இதற்கு அழைப்பு வைக்கிற மாதிரி. ஒரு வேளைக்கு அளவாக வடியுங்கள். மிஞ்சினால் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஃபிரிட்ஜ் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள். ஓடாவிட்டால் ஆறியதுமே கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் வைத்துக் காலையில் பழையதாகச் சாப்பிடலாம். புளிப்பேறினால் பல கிருமிகள் அடங்கும். ஆனால் மதியமெல்லாம் மூடிக் கிடந்த சோற்றில் இரவு தண்ணீர் ஊற்றி அதைப் பழையது ஆக்கக் கூடாது. ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த சோறு விறைப்பாக இருக்கும். அதைத் தாளிக்கவோ, பட்டாணி போட்டு பர்மியர் மாதிரி காலையில் வறுக்கவோ எடுத்துக்கொள்ளுங்கள். வறுவலுக்குச் சுடச்சுடச் சோற்றைவிட அதுதான் சட்டியில் ஒட்டாமல் வரும்.